'இல்லத்துக்கான இதழ்' நடத்திய சோஃபி அட்லெர்ஸ்பார்ரே: துணிச்சல்காரரா, பயந்து நடந்தவரா?

பனிமலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லெவ் வாழ்க்கையைப் படித்துக்கொண்டு வரும்போது சோஃபி அட்லெர்ஸ்பார்ரே என்ற பெயர் நடுவில் வந்தது. அங்கேயே நின்றுவிட்டேன், இரண்டு வாரமாக லாகர்லெவ் பக்கம் திரும்பவே இல்லை. 1823-ல் பிறந்து 1895-ல் இறந்தவர், ஸ்வீடனின் பிரபுக் குடும்பம் ஒன்றில் வந்தவர், 1859-லிருந்து 1885 வரை ஒரு பெண்கள் இதழை நடத்தியவர், 1884-ல் ஃப்ரெட்ரிகா பிரெமெர் சங்கத்தைத் தொடங்கியவர். இது வரைக்கும் சரி.

என் குழப்பம் வேறு. பெண்ணுரிமைக்காக நடத்தும் இதழுக்கு யாராவது 'இல்லத்துக்கான இதழ்' என்று பெயர் வைப்பார்களா? பெண்களுக்காகத் தொடங்கிய சங்கத்தில் முதல் தலைவராக ஓர் ஆணை உட்கார வைத்திருக்கிறார். ஓட்டுரிமைக்காக மேடை ஏறியதாக நான் படித்ததில் எங்கும் இல்லை. ஆனால் ஸ்வீடன் பெண்கள் இயக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் இவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். இவரைப் பிடித்துப்போய்விட்டது என்பதால்தான் கேட்கிறேன், இவர் உண்மையில் எந்த அளவுக்குப் போனவர்? பிறந்தார், இறந்தார் வகைத் தகவல் என்னிடமே இருக்கிறது, படித்தவர்கள் உங்கள் அபிப்பிராயத்தோடு சொல்லுங்கள்.


அச்சுக்கோப்பு எழுதியது:

பனிமலர், அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்வீடிஷில் 'டிட்ஸ்க்ரிஃப்ட் ஃபர் ஹெம்மெட்'. அதன் கீழே ஸ்வீடன் பெண்ணுக்குச் சமர்ப்பணம் என்று ஒரு வரியும் உண்டு. சோஃபியும் ரோசாலீ ஒலிவெக்ரோனாவும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு பேரும் 1823-ல் பிறந்தவர்கள், மற்றபடி வந்த வழி வேறு. ரோசாலீ 1851-ல் கப்பலேறி அமெரிக்கா போய், தென் கரோலினாவில் ஒரு பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தி, 1855-ல் திரும்பியவர். சோஃபி வீட்டிலேயே படித்தவர், ஸ்டாக்ஹோமில் ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தார், அவ்வளவுதான் அவருடைய முறையான கல்வி. அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, குடும்பப் பெயர் லேயோன்ஹூவுட். பதினாறாம் நூற்றாண்டில் குஸ்தாவ் வாசா மன்னரைக் கட்டிக்கொண்ட ராணி மார்கரேட்டாவின் குடும்பம் அது.

இப்போது 1859-ல் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சந்தாப் பணம் யார் கையில் இருக்கிறது? அப்பா கையில், இல்லாவிட்டால் கணவன் கையில். மூன்று வருடம் முன்புதான், 1856-ல், ஃப்ரெட்ரிகா பிரெமெரின் 'ஹெர்தா' நாவல் வந்து நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வளர்ந்த மகளின் வாழ்க்கை முழுக்க அப்பாவின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அந்த நாவலின் விஷயம். அந்தச் சூட்டில் 'பெண் விடுதலை' என்று அட்டையில் அச்சடித்து ஒரு இதழ் வந்திருந்தால் எத்தனை வீட்டு வாசலைத் தாண்டியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். 'இல்லத்துக்கான' என்று போட்டதால் அது வரவேற்பறை மேசை வரைக்கும் போனது. உள்ளே பெண் கல்வி, வேலை, சட்டம், வெளிநாடுகளில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்ற செய்தி, புத்தக விமர்சனம் எல்லாம் இருந்தன. ஸ்வீடன், நார்வே போன்ற வடக்கு நாடுகளில் பெண்ணுரிமைக்காக வந்த முதல் இதழ் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் சோஃபியின் கையெழுத்து. இதழில் 'எஸ்ஸெல்டே' என்று போடுவார். ஏதோ ஒரு கற்பனைப் பெண்ணின் பெயர் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சோஃபியின் எஸ், லேயோன்ஹூவுட்டின் முதல் எழுத்து எல், கடைசி எழுத்து டி. ஸ்வீடிஷில் அந்த மூன்று எழுத்துகளையும் வாய்விட்டுச் சொன்னால் எஸ், எல், டே. கல்யாணத்துக்கு அப்புறம் பெயர் மாறியும் இந்தக் கையெழுத்தை அவர் விடவே இல்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1860-களின் பின்பாதியில் ரோசாலீ விலகிக்கொண்டார். அதிலிருந்து கடைசி இதழ் வரைக்கும் பொறுப்பு முழுக்க சோஃபிதான்.


வழக்காடி எழுதியது:

அச்சுக்கோப்பு சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தப் பெண்மணி எந்த நிலத்தில் நின்றார் என்பது புரியும். நான் பல வருடமாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடனில் மகளுக்கும் மகனுக்கும் சமமான வாரிசுரிமை 1845-ல் வந்தது. ஆனால் சொத்து கிடைத்தாலும் அதைக் கையாள முடியாது, ஏனென்றால் கல்யாணமாகாத பெண் எத்தனை வயதானாலும் சட்டப்படி மைனர்தான், காப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். ஹெர்தா கிளப்பிய சண்டைக்குப் பிறகு, 1858-ல், 25 வயதான கல்யாணமாகாத பெண் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட்டால் மேஜர் ஆகலாம் என்று கொண்டுவந்தார்கள். விண்ணப்பம் போட வேண்டும் என்பதைக் கவனியுங்கள், அப்பா மேலேயே வழக்குப் போடுவது மாதிரியான காரியம், குடும்பத்தில் எத்தனை பேர் அதற்குத் துணிவார்கள்? 1863-ல்தான் 25 வயது முடிந்தால் தானாகவே மேஜர் என்று ஆனது. 1884-ல் அந்த வயது 21-க்கு இறங்கியது.

இதெல்லாம் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மட்டும்தான். தாலி என்பது அங்கே இல்லை, மோதிரம்தான், ஆனால் அந்த மோதிரம் விரலில் ஏறிய அன்றே கணவன் காப்பாளர் ஆகிவிடுவான். விதவையானால் உரிமை திரும்ப வரும். இப்போது சோஃபியின் வருடங்களை இதன் மேல் வைத்துப் பாருங்கள். இதழைத் தொடங்கும்போது அவருக்கு 36 வயது. 1863-ல், 40 வயதில், சட்டம் அவரைப் பெரியவராக ஏற்றுக்கொள்கிறது. 1869-ல் கடற்படை அதிகாரி ஆக்ஸெல் அட்லெர்ஸ்பார்ரேவைக் கல்யாணம் செய்துகொள்கிறார். ஆக்ஸெல் மனைவியை இழந்தவர், ஐந்து பிள்ளைகள். அன்றிலிருந்து இந்த 46 வயதுப் பத்திரிகை ஆசிரியர், பத்து வருடமாகப் பெண்களின் சட்ட உரிமையைப் பற்றி எழுதி வந்தவர், மறுபடியும் ஒரு காப்பாளருக்குக் கீழே வருகிறார். 1879-ல் ஆக்ஸெல் இறந்த பிறகுதான் அது நீங்குகிறது. கணவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. நல்லவராக இருந்தாலும் சட்டம் அதேதான்.

1873-ல் அன்னா யெர்தா ரெட்சியுஸும் எலென் ஆங்கர்ஸ்வார்டும் கல்யாணமான பெண்ணின் சொத்துரிமைக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே மனைவி தான் சம்பாதித்த பணத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. முழுமையாக மேஜர் ஆனது எப்போது தெரியுமா? 1921-ல். சோஃபி இறந்து 26 வருடம் கழித்து.


பனிமலர் எழுதியது:

வழக்காடி, 1869 விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பெயர் மாறியும் எஸ்ஸெல்டே என்ற கையெழுத்து மாறவில்லை என்று அச்சுக்கோப்பு சொன்னதை இதோடு சேர்த்துப் படித்தபோது கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் நன்றி.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இதழ் தவிர அவர் கையால் செய்தது என்ன? கைவேலைச் சங்கம் ஒன்று வைத்திருந்தார் என்று ஒரு வரி படித்தேன். பூத்தையல் கற்றுக்கொடுக்கிற இடம் மாதிரியா?


மூன்றாம்தறி எழுதியது:

பூத்தையல் வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்! நெசவு என் தொழில், அதனால் இந்தக் கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

'ஹாண்டார்பேட்டெட்ஸ் வென்னெர்', அதாவது கைவேலையின் நண்பர்கள். 1874-ல் தொடங்கியது, இன்றைக்கும் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆலைத் துணி வந்து கிராமத்து நெசவு ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாட்டிமார் கையிலிருந்த பின்னல் முறையும் வடிவங்களும் அழிகின்றன, இன்னொரு பக்கம் சம்பாதிக்க வழியில்லாத பெண்கள். சோஃபி இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்த்தார். பழைய வடிவங்களைத் தேடி எடுப்பது, நல்ல ஓவியர்களிடம் புது வடிவம் வாங்குவது, அதைத் தரமாக நெய்து விற்பது, நெய்த பெண்ணுக்குக் கூலி கொடுப்பது. 'பொம்பளைங்க பொழுதுபோக்கு' என்று ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கலை என்றும் தொழில் என்றும் நிற்க வைத்தார். 1887 வரைக்கும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இதற்கு முன்னாலேயே 1860-களில் இன்னும் சில செய்திருக்கிறார். எழுத்துப் பிரதி எடுத்துக் கொடுக்கும் ஒரு அலுவலகம், கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்கள் அதில் சம்பாதிக்கலாம். தொழிலுக்கு வேண்டிய பாடங்களைப் பெண்களுக்குச் சொல்லித்தர மாலைப் பள்ளி. ஸ்டாக்ஹோமில் பெண்கள் வந்து உட்கார்ந்து பத்திரிகையும் புத்தகமும் படிக்க ஒரு வாசிப்பறை. இந்த வாசிப்பறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். யார் வீட்டு விருந்தாளியாகவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் போய் உட்காரக்கூடிய, சூடான, வெளிச்சமான ஒரு அறை, அந்தக் குளிர்கால நகரத்தில். இதெல்லாம் மேடைப் பேச்சில் வராது, ஆனால் அந்த அறையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும்.

செவிலியர் பயிற்சியும் இருக்கிறது. ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1865-ல் வந்தது, அதன் பெண்கள் குழுவில் சோஃபி முன்னால் நின்றார். 1866-ல் எம்மி ராப்பே என்ற பெண்ணை லண்டனுக்கு, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் செவிலியர் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர் அடுத்த வருடம் திரும்பி வந்து உப்சாலாவில் பயிற்சியைத் தொடங்கினார். ஸ்வீடனில் படித்துப் பயிற்சி பெற்ற செவிலியர் என்ற தொழிலின் தொடக்கம் அங்கேதான்.

பெண்களுக்கு வேலை வேண்டும், வேலைக்கும் பெண்கள் வேண்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. நீங்கள் துணிச்சலா பயமா என்று கேட்டீர்கள். என் பதில்: அவர் கட்டுகிறவர். எங்கே ஒரு பெண் சம்பளம் வாங்க முடியும் என்று பார்த்து அங்கே ஒரு கதவை வைத்தார்.


நெடுவழி எழுதியது:

மேலே எல்லோரும் எழுதியதில் மறுக்க எதுவும் இல்லை, ஆனாலும் பனிமலரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. அதை இவ்வளவு சீக்கிரம் மூடிவிட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சோஃபியின் இயக்கம் மேல்தட்டுப் பெண்களின் இயக்கம். பிரதி எடுக்கும் அலுவலகம் யாருக்கு? கௌரவமான குடும்பத்தில் பிறந்து, கல்யாணம் ஆகாமல், கையில் காசில்லாமல் நிற்கிற பெண்ணுக்கு. அந்த வேதனை உண்மையானதுதான். ஆனால் வயலிலும் ஆலையிலும் ஏற்கெனவே முதுகு ஒடிய வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு 'வேலை செய்யும் உரிமை' என்பது என்ன சொல்லியிருக்கும்? அவளுக்கு வேண்டியது கூலியும் ஓய்வும். அந்தக் கேள்வி இந்த இதழின் நடுப்பக்கத்துக்கு வரவில்லை.

அடுத்தது ஒழுக்கம் பற்றிய சண்டை. 1880-களில் வடக்கு நாடுகள் முழுக்க ஆணுக்கு ஒரு நீதி பெண்ணுக்கு ஒரு நீதியா என்று பெரிய விவாதம். இளைய எழுத்தாளர்கள் கல்யாணம், உடல், ஆசை எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். ஸ்ட்ரிண்ட்பெர்ய் 1884-ல் கல்யாணக் கதைகள் எழுதிப் பெண்கள் இயக்கத்தைத் தாக்கினார், அதை சோஃபி எதிர்த்தது சரிதான். ஆனால் தன் பக்கத்து இளைஞர்களிடம்கூட அவருக்கு மிதமாக இருக்க வேண்டும் என்ற கவலை அதிகம். எழுத்தாளர் எலன் கேய் இவருடைய இதழில் எழுதிப் பழகியவர், பின்னால் எவ்வளவு தூரம் விலகிப் போனார் பாருங்கள்.

ஓட்டுரிமை. ஃப்ரெட்ரிகா பிரெமெர் சங்கம் தொடங்கிய அதே 1884-ல்தான் போர்ய் என்ற உறுப்பினர் ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று முதல் தடவை தீர்மானம் கொண்டுவந்து தோற்றார். சங்கம் அதைத் தன் கொடியாக எடுத்துக்கொள்ளவில்லை. சோஃபி மேல் எனக்கு மரியாதை இருக்கிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். பெரிய மனிதர்களைக் குறையில்லாதவர்களாக ஆக்கிவிட்டால் அவர்களோடு பேச முடியாமல் போய்விடும்.


அச்சுக்கோப்பு எழுதியது:

நெடுவழி, வர்க்கம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஓட்டு விஷயத்தில் மட்டும் ஒன்று சேர்க்கிறேன்.

சங்கத்தின் முதல் தலைவர் ஹான்ஸ் ஹில்டெப்ராண்ட், நாட்டின் தொல்பொருள் துறைக்குத் தலைமை வகித்தவர், 1903 வரைக்கும் அவர்தான் தலைவர். பனிமலர் இதைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார், நானும் முதலில் சுளித்தேன். ஆனால் சட்டம் எழுதுகிற அவையில் ஒரு பெண்கூட இல்லை, பெண்ணால் அங்கே போகவும் முடியாது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து இயங்க வேண்டும் என்பது சோஃபி யோசித்து எடுத்த முடிவு. சங்கத்துக்குள் ஓடி ஓடி வேலை செய்தது சோஃபிதான். படிக்க வசதியில்லாத பெண்களுக்கு உதவித்தொகை, எந்த வேலைக்கு எப்படிப் போவது என்ற ஆலோசனை என்று தினசரிப் பாடு நிறைய.

இதற்குப் பலன் கிடைக்காமல் இல்லை. 1885-ல் அரசு பெண்கள் பள்ளிகளை ஆராய ஒரு குழு அமைத்தபோது சோஃபியையும் ஹில்டா கசெல்லியையும் அதில் சேர்த்தார்கள். ஸ்வீடனில் அரசுக் குழு ஒன்றில் பெண்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேஜராக இல்லாத ஒருத்தியாகப் பத்து வருடம் வாழ்ந்துவிட்டு அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்.

அப்புறம் 1899-ல் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டுப் பிரதமர் பூஸ்ட்ரேமிடம் மனு கொடுக்கப் போனது யார்? அக்டா மோன்டேலியஸும் யெர்ட்ரூட் ஆடெல்போர்யும், இதே ஃப்ரெட்ரிகா பிரெமெர் சங்கத்தின் சார்பில். சோஃபி அப்போது இல்லை. உயிரோடு இருந்திருந்தால் கூடப் போயிருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் போவதற்கு ஒரு சங்கம் இருந்தது, 15 வருடம் வேரூன்றிய சங்கம், கதவைத் தட்டினால் உள்ளே விடுகிற அளவுக்குப் பெயர் பெற்ற சங்கம்.


நெடுவழி எழுதியது:

சரி, கடைசி வரியை ஏற்கிறேன். வர்க்கத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கட்டும்.


தூரத்துவாசகன் எழுதியது:

பனிமலர் லாகர்லெவ்விலிருந்துதானே இங்கே வந்தீர்கள், அந்த இழையை யாரும் தொடவில்லையே, நான் சொல்கிறேன்.

பழைய இதழ் 1885-ல் நின்றதும் 1886-ல் சங்கத்தின் புது இதழ் 'டாக்னி' வந்தது, முதல் சில வருடம் சோஃபிதான் ஆசிரியர். அப்போது லாகர்லெவ் தெற்கே லண்ட்ஸ்க்ரூனாவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை, வெளியில் யாருக்கும் தெரியாது. அவருடைய சில சானெட் கவிதைகள் ஏவா ஃப்ரிக்ஸெல் என்ற எழுத்தாளர் மூலமாக சோஃபியின் மேசைக்கு வந்தன. சோஃபி அவற்றை டாக்னியில் போட்டார். அதோடு விட்டிருந்தால் இன்னொரு ஆசிரியர் என்றுதான் ஆகியிருப்பார். 1890-ல் லாகர்லெவ் தன் முதல் நாவலின் சில அத்தியாயங்களை 'இடூன்' இதழின் போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார். நாவலை முடிக்க நேரம் வேண்டும், பள்ளி வேலையோ விடாது. அந்த நேரத்தில் பணத்துக்கு வழி செய்து, பள்ளியிலிருந்து விடுப்பு எடுத்து எழுத வைத்தவர் சோஃபி. 1891-ல் நாவல் வந்தது. 1909-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு, அதை வாங்கிய முதல் பெண்.

மூன்றாம்தறி சொன்ன 'கதவு வைக்கிறவர்' என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 67 வயதில், உடம்பும் தளர்ந்து வரும்போது, எங்கோ இருக்கும் ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஒரு வருட நேரம் தேடிக் கொடுத்திருக்கிறார்.


பனிமலர் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. துணிச்சலா பயமா என்று நான் கேட்டதே தப்பான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் நெடுவழி சொன்னதை மறக்கப் போவதில்லை. ஒன்றே ஒன்று, அவரைப் பற்றி விரிவான வாழ்க்கை வரலாறு இருக்கிறதா?


அச்சுக்கோப்பு எழுதியது:

இருக்கிறது, ஸ்வீடிஷில், இரண்டு பாகம், 1920-களின் தொடக்கத்தில் வந்தது. எழுதியவர் சிக்ரிட் லேயோன்ஹூவுட், சோஃபி பிறந்த குடும்பத்துப் பெண். சோஃபி தன் கடைசிக் காலத்தில் ஃப்ரெட்ரிகா பிரெமெரின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார், முடிக்கும் முன் 1895 ஜூனில் போய்விட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியை எடுத்து முடித்து 1896-ல் வெளியே கொண்டுவந்தவரும் இதே சிக்ரிட்தான். முதலில் பிரெமெரை முடியுங்கள், அப்புறம் சிக்ரிட். டாக்னி பிற்பாடு 1914-ல் 'ஹெர்தா' என்று பெயர் மாறி வந்தது, அதன் பழைய இதழ்களும் கிடைத்தால் விடாதீர்கள்.